ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சும்போது இனிக்கிற பெயர், அடுத்த அறையிலிருந்து கத்தி அழைக்கும்போது நாக்கில் சிக்கலாம். நாற்பது வயது ஆளுக்கும் அது பொருந்த வேண்டும். செல்லப்பெயரைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், நண்பர்கள் எப்படியும் பெயரைச் சுருக்குவார்கள். சுருங்கினால் கேலிக்கு இடம் தருமா என்று இப்போதே யோசியுங்கள்.

எழுத்துக்கூட்டல் இன்னும் முக்கியம். வித்தியாசமாக இருக்கட்டுமே என்று கூடுதல் எழுத்தைச் சேர்த்தால், ஆயுள் முழுக்க அவன்தான் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பான். ரொம்ப நீளமும் வேண்டாம்: பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கும் வரியில் குடும்பப் பெயரையும் சேர்த்து 39 இடங்கள்தான். பொருள் பிடித்திருந்தால் சரி. உறவினர்களிடம் வாக்கெடுப்பு மட்டும் நடத்தாதீர்கள்; இருவரும் முடிவு செய்தபிறகு சொன்னால் போதும்.