வாசகர் கேள்வி பதில்: பாலைவன மலையில் வெந்நீர் ஊற்று

ஓமன் நாட்டு வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நம் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் மூன்று இங்கே.

மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், டிசம்பரில் நானும் கணவரும் போகிறோம். நகல் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றில் காலை வைத்தால் மூட்டுவலி பறந்துவிடும் என்கிறான். கணவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. போகலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா. மஸ்கட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான், டிசம்பர் நல்ல பருவம். ஹஜர் மலையடிவாரத்தில், பழைய கோட்டையைத் தாண்டி, பாறையிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் வருகிறது, சுற்றிலும் ஒரு புல்கூட முளைக்காத பழுப்பு மலை, கீழே பார்த்தால் பேரீச்சந்தோப்பு. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, கூட்டம் நெரியும், வேறு நாள் பாருங்கள்.

மூட்டுவலிக்கு வருவோம். வெதுவெதுப்பில் தசை தளரும், கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். தேய்ந்த மூட்டு திரும்ப வளராது, மாத்திரையை நிறுத்தச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எனக்குக் கவலை அவருடைய பாதம்தான். சர்க்கரை நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், உங்களுக்குச் சுடுவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் முதலில் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள், இதமாக இருந்தால் மட்டும் அவரை இறக்குங்கள், பத்து நிமிடம் போதும். வார் வைத்த செருப்பு காலிலேயே இருக்கட்டும், கல் வழுக்கும். ஏறியதும் விரல் இடுக்கு வரை துடைத்துவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், சின்ன மீன்கள் வந்து கொத்தும். ருஸ்தாக்கில் இருக்கும் ஐன் அல் கஸ்ஃபா ஊற்று 45 டிகிரி அளவுக்குச் சுடும், அதில் அவர் கால் வைக்கவே கூடாது.

அப்புறம், நாம் ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதுபோல அங்கே சோப்பும் ஷாம்பும் எடுத்துப் போகாதீர்கள். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அப்படியே தோப்புக்குப் பாய்கிறது. ஃபலஜ் என்ற அந்த வாய்க்கால் முறையில் இன்றும் ஊரார் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், அதில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். மலைமேல் மேகம் கறுத்தால் மட்டும் ஆற்றுப்படுகையில் நிற்காதீர்கள், காரையும் அங்கே நிறுத்தாதீர்கள், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் வெள்ளம் வந்துவிடும்.

எரிமலையே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படிச் சுடுகிறது?
– வாசகர், பாலக்கோடு

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும், கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி. நம் மாவட்டங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது, எரிமலை எதுவும் இல்லை, ஆனாலும் பாறையின் வெக்கை தாங்காமல் குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. ஹஜர் மலையில் பெய்யும் மழை விரிசல்கள் வழியே அதேபோல ஆழத்துக்கு இறங்கிச் சூடாகிறது. பிறகு பாறை உடைந்து நழுவிய பிளவில் வழி கிடைத்து, ஆறுவதற்குள் வேகமாக மேலே வந்துவிடுகிறது. மெதுவாக வந்திருந்தால் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? மருந்துபோல பாட்டிலில் பிடித்து வருகிறார்களே?
– வாசகர், பென்னாகரம்

வேண்டாம். சூடான தண்ணீர் பாறையில் இருக்கிற உப்புகளை அதிகமாகக் கரைத்துக்கொண்டு வரும், எது எவ்வளவு என்று பரிசோதித்தால்தான் தெரியும். பாறைக்குள்ளிருந்து வருவதாலேயே தண்ணீர் சுத்தம் என்று சொல்ல நம்மால் முடியாது. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல்லில் கறை ஏறியும் எலும்பு வளைந்தும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்கள் பட்டது கொஞ்சமில்லை, அதற்காகத்தானே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குளிக்கும்போதும் பிள்ளைகள் மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பான நன்னீரில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் ஒருவகை அமீபா இருக்க வாய்ப்பு உண்டு, அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். தலையை முக்காமல் குளித்தால் போதும், குடிக்கத் தனியாகத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.