45 வயதில் ஆடத் தொடங்கினால் மனம் திறக்குமா?

"ஆடினால் மனம் திறக்கும், ஒரு விடுதலை கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? 45 வயதில் தொடங்கக் கூச்சமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். ஆனால் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய காணொளிகளில் சொல்கிற மாதிரி இல்லை. கண்ணை மூடு, மூச்சை விடு, உடம்பை அதன் போக்கில் விடு என்கிறார்கள். என் உடம்பை அதன் போக்கில் விட்டால் போய்க் கதிரையில் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று ஓரளவு ஊகிக்கிறேன். கலியாண வீட்டில் பாட்டுப் போட்டதும் சாப்பாட்டுத் தட்டோடு சுவரோரம் ஒதுங்குகிறவர். நானும் 25 வருடத்துக்கு மேல் அப்படி நின்றவன்தான். நான் கலைஞன் இல்லை, கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்கு எழுதுகிறவன், வயது 59. "உனக்கு என்ன தகுதி" என்று கேட்க வருகிறவர்கள் இந்த வரியோடு திரும்பலாம்.

சொந்த ஊர் மட்டக்களப்புப் பக்கம். 1982-இல் ஊரில் வடமோடிக் கூத்துப் பழகினார்கள், ஆட்டமும் பாட்டுமான எங்கள் ஊர் நாடகம் அது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் எனக்குக் கட்டியகாரன் சட்டம் கொடுத்தார். சட்டம் என்பது நம் பங்குக்குரிய பாட்டும் வசனமும். கட்டியகாரன், அரசன் வருமுன் களரிக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், வந்து அவன் வரவை அறிவிக்கிறவன். நாலைந்து மாதம் இரவிரவாக மத்தளத்துக்கு மிதித்துப் பழகினேன். அரங்கேற்றத்துக்கு முன் சதங்கை அணிகிற நாளுக்கு முந்தின கிழமை அப்பா வந்தார். "ஓ.எல். சோதனை வருது, ஆடினது காணும்" என்று, பத்தாம் வகுப்புக்குப் பிறகு வருகிற அரசாங்கப் பரீட்சையைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என் சட்டத்தை மாமாவின் மகன் ஆடினான். அரங்கேற்றத்துக்கு நான் போகவில்லை. பாயில் படுத்தபடி விடியும்வரை மத்தளம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. சோதனையில் பாஸானேன், அதனால்தான் இந்தக் கணக்கு வேலை.

1991-இல் கொழும்பு வந்தேன். அந்தப் போர்க்காலத்தை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை சட்டைப் பையில். சோதனைச் சாவடியில் கையை எங்கே வைப்பது என்று யோசனை. பஸ்ஸில் தமிழ் பேசினால் குரல் தானாக இறங்கும், தோள் தானாகக் குறுகும். சாவடிகள் போய்விட்டன. தோள் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

2018 டிசம்பர், கம்பனியின் வருடக் கடைசி விருந்து, ஒரு ஹோட்டல் மண்டபம். வழக்கம்போல் பைலா, இங்கே விருந்துகளில் எல்லோரும் ஆடுகிற பாட்டு, தொடங்கியது, நான் வழக்கம்போல் சுவரோரம். எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண் என் கையில் இருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லில் ஒன்றைச் சொன்னார்: "வாங்கோ."

பைலா எனக்கு அந்நியமில்லை. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில் வயலினுக்கு ஆடுகிற கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் பைலாவும் ஒரே வேர், போர்த்துக்கேயர் காலத்து மிச்சம். அந்த ஆறு எண்ணிக்கைத் தாளம் காதுக்குப் பழக்கம். ஆனால் என் கால் ஆடியது பைலா இல்லை. கட்டியகாரன் களரிக்குள் நுழையும்போது ஆடுகிற வரவு ஆட்டம். சுற்றி வட்டம் கட்டிக் கை தட்டினார்கள். 36 வருடம் பிந்தி எனக்குக் களரி கிடைத்தது, கட்லட் வாசனையோடு.

இந்த வட்டம் முக்கியம். எங்கள் ஊர்க் கூத்து வட்டக்களரியில் நடப்பது. நாலு பக்கமும் சனம். ஒளிவதற்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. 1960-களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, சனம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற ஒருமுக மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான், நன்றி. ஆனால் கூச்சக்காரனுக்கு மருந்து வட்டம்தான் என்பேன். அப்புறம், கூத்தில் ஆடுகிறவனே பாடவும் வேண்டும். தோளைக் குறுக்கி வைத்துக்கொண்டு அந்தக் குரல் எடுக்க முடியாது. மூச்சுக்காகவாவது நெஞ்சு விரிந்தே ஆக வேண்டும். மனம் திறப்பது பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாளம் தப்பாமல் மிதிக்கிற அவசரத்தில் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்க இடமில்லை.

வகுப்புத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு சொல். பரதத்தை இழிவுபடுத்துகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம், என் மகளும் பத்து வருடம் பழகினவள். அரங்கேற்றத்துக்கு நான் கடன் எடுத்தேன். மண்டபம், சென்னையிலிருந்து உடுப்பு, பக்கவாத்தியம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, ஆசிரியைக்குப் பட்டுச்சேலையோடு தட்டம். பிள்ளை என்ன ஆடினாள் என்று வந்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை, சாப்பாடு நல்லது என்றார்கள். மறுநாள் சலங்கை அலுமாரிக்குள் போனது. இன்னும் அங்கேதான். கேட்டால் "களைச்சுப்போனன் அப்பா" என்கிறாள். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை.

இப்போது விடிய ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மிதிக்கிறேன். கரையோர ரயில் போகும்போது சத்தமாகப் பாடலாம். கீழ்வீட்டுக்காரர் நிர்வாகக் குழுவிடம் முறையிட்டிருக்கிறார். நாலு மணிக்கு உறுமுகிற தண்ணீர் மோட்டாரைப் பற்றி இதுவரை ஒருவரும் முறையிட்டதில்லை. சரி, அது வேறு கதை.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், சீமெந்துத் தரையில் குதிக்க வேண்டாம், நான் பழைய பாய் இரண்டை விரித்திருக்கிறேன்.

வரவுப் பாட்டின் இரண்டாம் அடி எனக்கு மறந்துபோயிருந்தது. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு 84 வயது, போனில் கேட்டேன். யோசிக்கவே இல்லை, பாடினார். நான் வீட்டில் பழகும்போது கேட்டதாம். என் நினைவில் இருந்த மெட்டோடு அது பொருந்தவில்லை. அம்மா பாடினபடியே மிதிக்கிறேன்.