பெயர் ஒன்றுதான், பைத்தான் ஏன் வேறு என்கிறது?

கேள்வி: எங்கள் சங்கத்தில் இரண்டு உறுப்பினர் பட்டியல்கள் உள்ளன. ஒன்றில் இருந்து மற்றதில் விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிக்கப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பெயர்களைக்கூட வேறு வேறு என்கிறது. ஓர வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப், ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ரிப்ளேஸ் எல்லாம் போட்டுப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. பைத்தானுக்குத் தமிழ் சரிவராது என்றும், பட்டியலை அனுப்பினால் சுத்தம் செய்து தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், பணத்தையும் சரி, பட்டியலையும் சரி. உறுப்பினர்கள் உங்களை நம்பிக் கொடுத்த விவரம் அது. பெயர்களோடு தொலைபேசி எண்ணும் முகவரியும் ஒட்டிக்கொண்டு போகும். போன பிறகு யார் கையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. "இங்கே ஒட்டுங்கள், நொடியில் சுத்தம்" என்று அழைக்கும் இணையதளங்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் செய்யப்போவது கீழே நான் சொல்லும் நாலைந்து வரி வேலை. பைத்தானுக்குத் தமிழ் சரிவராது என்பது பைத்தான் 2 காலத்துப் பேச்சு. பைத்தான் 3 வந்தது 2008-இல். அதில் ஸ்ட்ரிங் (எழுத்துகளின் தொடர்) என்றாலே யூனிகோட்தான், அதாவது உலக மொழிகளின் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் தரும் முறை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பயம் மட்டும் இன்னும் விலைபோகிறது.

ஆணைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

எதுவும் மாறவில்லை என்றீர்கள் அல்லவா, முதலில் அதைப் பார்ப்போம். பைத்தானில் ஒரு ஸ்ட்ரிங் உருவானபின் மாறவே மாறாது. பெயர்.ஸ்ட்ரிப்() என்று தனியாக எழுதினால், ஓரத்து வெற்றிடங்களை நீக்கிய புதிய ஸ்ட்ரிங் ஒன்று கிடைக்கும். அதை நீங்கள் வாங்கி வைக்காவிட்டால் போயே போச்சு. பழையது அப்படியே இருக்கும், பிழைச்செய்தியும் வராது. பெயர் = பெயர்.ஸ்ட்ரிப்() என்று எழுத வேண்டும். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஃபார் சுழற்சிக்குள் இப்படி எழுதினால் அந்தச் சுற்றில் உள்ள பெயர் மட்டும் சுத்தமாகும். மூலப் பட்டியல் மாறாது. காலியாக ஒரு புதிய பட்டியல் வைத்துக்கொண்டு, சுத்தமான பெயரை அதன் கடைசியில் அப்பெண்ட் (சேர்ப்பு) செய்துகொண்டே போங்கள். ஒப்பிடும்போது இந்தப் புதிய பட்டியலை ஒப்பிடுங்கள். நாற்பது ஸ்ட்ரிங் மெத்தடுகளை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகள் இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, அதன் பிறகும் பொருந்தாத பெயர்கள் இருக்கும். அங்கே கண்ணை நம்பாதீர்கள். பிரிண்ட்(பெயர்) என்பதற்குப் பதில் பிரிண்ட்(ரெப்ர்(பெயர்)) போடுங்கள் (ரெப்ர் என்பது repr). பெயர் மேற்கோள் குறிகளுக்குள் வரும், ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே தெரியும். வரியின் முடிவு பின்சாய்வுக்கோடும் 'என்' எழுத்துமாக வரும். இணையப் பக்கத்தில் இருந்து நகலெடுத்த பெயரில் சில சமயம் அகலமே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கும். அது 200பி என்று முடியும் குறியாகத் தெரியும். இதை ஸ்ட்ரிப் தொடாது, ஏனென்றால் பைத்தான் அதை வெற்றிடமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ரிப்ளேஸ் வைத்துத்தான் நீக்க வேண்டும். முதல் பெயர் மட்டும் பொருந்தாமல் நின்றால், விரிதாள் மென்பொருள் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்துச் சேமித்திருக்கிறது என்று அர்த்தம். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் 'யுடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்று கொடுத்தால் அது ஒழிந்தது.

இனி வருவது தமிழுக்கே உரிய சிக்கல். கோபால் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. நீளத்தைச் சொல்லும் லென் ஆணையைக் கேட்டால் 6 என்று வரும்: க, ஓகாரக் குறி, ப, கால், ல, புள்ளி. அதே பெயர் இன்னொரு பட்டியலில் 7 என்று வரலாம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். இரண்டுமே செல்லும், திரையில் துளி வித்தியாசம் தெரியாது. எது வருகிறது என்பது தட்டச்சு செய்த விசைப்பலகையைப் பொறுத்தது. 1991-இல் யூனிகோட் தொடங்கியபோது, இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுத்த குறியீட்டு அமைப்பைப் பெரிதும் பின்பற்றித் தமிழை அடுக்கினார்கள். மெய்யெழுத்துக்கென்று தனி எண்கூடக் கிடையாது. அகரமெய்யோடு புள்ளியைச் சேர்த்துத்தான் அதை உண்டாக்க வேண்டும். யாரோ எடுத்த முடிவுக்கு இன்று நீங்கள் உட்கார்ந்து கோபாலைத் தேடுகிறீர்கள்.

தீர்வு என்னவோ சுலபம்தான். பைத்தானோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) என்ற மாட்யூலை, அதாவது துணை நிரல் தொகுப்பை, இம்போர்ட் செய்து, அதிலுள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு 'என்எஃப்சி' (NFC) என்ற வடிவத்தையும் பெயரையும் கொடுங்கள். பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் ஒன்றாகும். வடிவத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இரண்டு பட்டியலுக்குமே செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

ஆனால் ஸ்ரீ. உங்கள் பட்டியலில் ஸ்ரீதர், ஸ்ரீவித்யா என்று கட்டாயம் சிலர் இருப்பார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், வடமொழிச் சொற்களுக்காக யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். மேலே சொன்ன கொம்பு விஷயத்தில் லென் காட்டிக்கொடுத்தது; இங்கே இரண்டுக்கும் நீளம் 4-தான், லென் காட்டிக்கொடுக்காது. ரெப்ர் போட்டாலும் இரண்டும் அழகாக ஸ்ரீ என்றே வரும். நார்மலைஸும் இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் இவை வேறு வேறு எழுத்துகள். தமிழ் எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோட் எண்ணைக் காட்டும் ஆஸ்கி(பெயர்) என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்: முதல் எண் ஒன்றில் 0பிபி8 என்றும் மற்றதில் 0பிபி6 என்றும் முடியும். ஆகவே நார்மலைஸுக்குப் பிறகு ஒரு ரிப்ளேஸ் வரி போட்டு, ஶகர வடிவத்தை ஸகர வடிவத்துக்கு நீங்களே மாற்றுங்கள். எந்தத் திசையில் மாற்றினாலும் சரி, இரண்டு பட்டியலும் ஒரே திசையில் போக வேண்டும். சிறீதர் என்று எழுதியவர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் பெயர் அதுதான்.

பட்டியலில் திரு., திருமதி. என்ற அடைமொழிகளும் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை நீக்க, தலைப்பக்கத்தை மட்டும் உரிக்கும் எல்ஸ்ட்ரிப் ஆணைக்குள் 'திரு.' என்று கொடுப்பவர்கள் பலர். அது அந்தச் சொல்லை நீக்காது. அதிலுள்ள குறிகளில் எது தலையில் நின்றாலும் உரித்துக்கொண்டே போகும். 'திரு.தினகரன்' கொடுத்துப் பாருங்கள், 'னகரன்' வருவார். ரிப்ளேஸ் வைத்துத் 'திரு' என்பதை நீக்கினால் திருமலை வெறும் மலையாகிவிடுவார். பைத்தான் 3.9-இல் இருந்து ரிமூவ்பிரிஃபிக்ஸ் (removeprefix) இருக்கிறது. அதில் புள்ளியோடு சேர்த்து 'திரு.' என்று கொடுங்கள், தலையில் அது முழுதாக இருந்தால் மட்டும் போகும். இணையத்தில் சுற்றும் பழைய நிரல் துண்டுகளில் பெரும்பாலும் எல்ஸ்ட்ரிப்தான் இருக்கும். எடுத்து ஒட்டும் முன் நாலு பெயரிலாவது ஓட்டிப் பாருங்கள்.

நடுவில் இரண்டு மூன்று இடைவெளி விழுந்த பெயர்களுக்கு, ஸ்ப்ளிட் செய்து (துண்டாக்கி) ஒற்றை இடைவெளியால் ஜாயின் செய்தால் (இணைத்தால்) போதும்.

இவ்வளவும் செய்த பிறகு சில பெயர்கள் மீதி நிற்கும். அப்போது யாராவது வந்து, தோராயமாக ஒத்துப்போகிற பெயர்களைச் சேர்த்துவிடும் நிரல் ஒன்றை உங்களிடம் தள்ளப் பார்ப்பார்கள். அதற்குச் செல்வி, செல்வம் இருவரும் கிட்டத்தட்ட ஒருவரே. அண்ணனையும் தம்பியையும்கூட ஒரே வரியில் சேர்த்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மீதியைக் கையால் பாருங்கள். ஆர். குமாரும் குமார் ஆர்.-உம் ஒருவரா என்று பைத்தானுக்குத் தெரியாது, சங்கச் செயலாளருக்குத் தெரியும். இரண்டு பட்டியலிலும் உறுப்பினர் எண் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். ஆனால் அதையும் ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடாதீர்கள். '0042' என்பதும் '42' என்பதும் ஸ்ட்ரிங்காக வேறு வேறு. விரிதாள்கள் முன்னால் உள்ள சுழியங்களைக் கேட்காமலே விழுங்கிவிடும். எண்ணில் எழுத்தோ கோடோ கலந்திருக்கவில்லை என்றால் இரண்டையும் இன்ட் ஆணையால் முழு எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.