மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்தாளர் ஒருவரை ஊன்றிப் படிப்பதால் எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும்?

எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். 1968இல் வெளிவந்த அவருடைய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலை முதலில் கதைக்காகவும், பிறகு அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பலமுறையும் படித்திருக்கிறேன். அதன் முதல் அத்தியாயத்தில் வரும் சிறு காட்சி ஒன்றே இந்தக் கேள்விக்குப் போதுமான பதிலாக இருக்கும்.

கூரைமேல் ஏறிக்கொண்ட ஆட்டை, தன் தாயின் சகோதரி ஏதோ சொற்களைச் சொல்லி இறக்குவதை ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்கிறான். மறுநாள் மேய்ச்சல் நிலத்தில், பொருள் தெரியாமலே அவற்றை உரக்கச் சொல்கிறான். ஆடுகள் சத்தமே இல்லாமல், மஞ்சள் கண்களால் அவனைப் பார்த்தபடி வந்து நிற்கின்றன. அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொல்ல, இன்னும் நெருக்குகின்றன. பயந்துபோய் ஓடினால், கயிற்றால் சேர்த்து இறுக்கியதுபோல அவனைச் சூழ்ந்தபடியே ஊருக்குள் ஓடிவருகின்றன.

வரவழைக்கத் தெரிந்தவனுக்கு விலக்கத் தெரியவில்லை. நாவல் முழுவதும் இதுதான். அவனே இளைஞனாகி, இறந்தவள் ஒருத்தியின் ஆவியைச் செருக்கினால் அழைத்து, கூடவே வந்துவிட்ட நிழலிடம் சிக்கித் தவிக்கும்போது, அந்த விபரீதத்தை நாம் உடனே நம்புகிறோம். ஏனெனில் ஆடுகளின் வழியாக அதை முன்பே உணர்ந்திருக்கிறோம். இதைக் கண்டுகொண்ட பிறகு, நான் எழுதிக்கொண்டிருந்த குறுநாவலின் தொடக்கத்தில் குரு சீடனுக்கு மந்திர விதிகளைச் சொல்லும் நான்கு பக்கங்களை நீக்கிவிட்டு, சீடன் அழைத்த கிணற்று நீர் நிற்காமல் வழிந்து, முற்றத்தில் காய்ந்த நெல்லை நனைக்கும் காட்சியை எழுதினேன்.

நாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்பதையும் லெ குவின் அறிவிப்பாகச் சொல்வதில்லை. வாசகர் அவனோடு ஒன்றிய பிறகு, போகிற போக்கில் தெரியவைக்கிறார்.

உங்களுக்குப் பிடித்த ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்து நோட்டில் கையால் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அதனால் வாசகருக்குப் புதிதாக என்ன தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறுவன் பயந்தான் என்று ஆசிரியர் சொல்வதற்கு முன்பே, சத்தமில்லாமல் வந்து நின்ற ஆடுகளின் கண்கள் அந்தப் பயத்தை எனக்குள் கொண்டுவந்துவிட்டன என்பதை அப்படி எழுதும்போதுதான் கண்டேன்.