பைபோலார் நோய் என்றால் என்ன? நன்றாக இருக்கும்போதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

நான் மருத்துவன் இல்லை. என் அக்காவுக்குப் பல வருடங்களாக பைபோலார் இருக்கிறது. கூட இருந்து பார்த்ததை, அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காலையில் சிரித்து மாலையில் எரிந்து விழுபவரை எல்லாம் பைபோலார் என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த நோயில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மேனியா, அதாவது அளவுமீறிய உற்சாகமோ எரிச்சலோ, பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். அதன் மிதமான வடிவமான ஹைபோமேனியா 4 நாளாவது இருக்கும். மனச்சோர்வு 2 வாரமோ அதற்கு மேலோ. மேனியா ஒருமுறை வந்திருந்தாலே முதல் வகை. ஹைபோமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வந்தால் இரண்டாம் வகை. இது லேசானது என்று நினைத்துவிட வேண்டாம், இதில் மனச்சோர்வே ஆளை மாதக்கணக்கில் முடக்கிப் போட்டுவிடும்.

மேனியா வந்தால் அக்கா நடுராத்திரியில் அலமாரியைக் காலி செய்து, துணிகளை நிறவாரியாகத் தரையில் அடுக்குவாள். பாதியில் ஃபோனை எடுத்து, பழைய தோழிகளுக்கு ஏதோ தொழில் திட்டத்தை விளக்கி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். விடிந்தால் துளி அசதி இருக்காது. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. இந்த இரண்டாவதைத்தான் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சிலருக்கு உற்சாகத்துக்குப் பதில் எரிச்சலும் சண்டையுமாக வரும்.

சிக்கல் என்னவென்றால், இந்த நிலையில் யாரும் தானாக டாக்டரிடம் போவதில்லை. துவண்டு விழுந்த பிறகுதான் போகிறோம், அழுகையையும் சோர்வையும் மட்டும்தான் சொல்கிறோம். அவரும் சாதாரண மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதுவே மேனியாவைக் கிளப்பிவிடலாம். இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பழைய கதைதான் ஆதாரம். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தத் தூங்காத, செலவு செய்த, ஓயாமல் பேசிய நாட்களைச் சொல்லிவிடுங்கள்.

மருந்துகளில் பழையது லித்தியம். மேனியாவுக்கு அது உதவுகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். இன்றும் முக்கியமான மருந்து அதுதான். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அளவு மிக நுணுக்கமானது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பெரும்பாலும் போதும், 1.5ஐத் தாண்டினால் நச்சாகலாம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்ப்பார்கள். வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டாலும், வலிக்கு இபுப்ரோஃபன் போட்டாலும் அளவு ஏறிவிடும். வாந்தியும் கடுமையான கைநடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லித்தியம் தவிர வால்புரோயேட், லாமோட்ரிஜின், குவெடியாபின் என்ற மருந்துகளும் உண்டு. இவற்றில் வால்புரோயேட் கருவைப் பாதிக்கும், குழந்தை பெறும் வயதுப் பெண்கள் அதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஆமாம், நீண்ட காலம் தேவை. குறிப்பாக லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதற்காக எடை கூடுகிறது, கை நடுங்குகிறது என்பதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், டாக்டரிடம் சொல்லிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த உற்சாக நாட்களுக்காக அக்கா இன்னும் ஏங்குவதுண்டு. அது எனக்குப் புரிகிறது.

நலமாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்: எந்த அறிகுறி வந்தால் யாருக்குப் ஃபோன் செய்வது, ஏடிஎம் கார்டு யார் கையில் இருப்பது என்று. அக்கா தாளில் அவளே சேர்த்த வரி: 'நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்வேன், நம்பாதே.' மேனியாவில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை. வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, டாக்டரைக் கூப்பிடுங்கள். சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.