சொல்லாமல் விட்ட அனுமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கூற்றில் மறைந்திருக்கும் அனுமானத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நம் மொரீஷியஸ் வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசக் காவடித் திருவிழாவுக்கு முந்தைய இரவு அம்மா சொல்கிறார்: "காத்ர் போர்ன் மலைக்கோயிலுக்கு விடியுமுன்னே கிளம்பிவிடு, அப்புறம் பஸ்ஸில் இடம் கிடைக்காது."

விடியுமுன் பஸ் ஓடும் என்பதை அவர் சொல்லவே இல்லை. அதை மறுத்துப் பாருங்கள். "அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது" என்றால் அம்மாவின் யோசனை அப்படியே விழுந்துவிடும். அப்படி விழுந்தால் அதுதான் அனுமானம்.

"காவடி அரசு விடுமுறை" என்பது உண்மைதான். ஆனால் விடுமுறை இல்லாவிட்டாலும் அம்மா சொன்னது நிற்கும். ஆகவே அது அனுமானம் அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்: உண்மையா என்று பார்க்கிறார்கள், தேவையா என்று பார்ப்பதில்லை.

சரி, அனுமானம் எது என்று கேட்கும் தேர்வுக் கேள்வியில் "எல்லாரும் பஸ்ஸில்தான் வருவார்கள்" என்று ஒரு விடை இருந்தால்? அதுவும் தேவையில்லை. பஸ் நிரம்பும் அளவுக்கு ஆள் வந்தாலே போதும்.