பொழுதுபோக்காகச் சாட்டிலைட் சிக்னல் தேடிப் பிடிக்க எந்த டிஷ், எல்என்பி, ரிசீவர் வாங்கலாம்?

மொட்டை மாடியில் இடம் இருக்கிறது, கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஒரு 4கே ரிசீவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டிஷ்ஷில் வந்து விழாத சிக்னலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியாலும் காட்ட முடியாது. முதலில் டிஷ், அடுத்து எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கி, பலப்படுத்தி ரிசீவருக்கு அனுப்பும் சிறு கருவி), பிறகு நல்ல ஆர்ஜி 6 கேபிள். மிச்சம் இருப்பதில் ரிசீவர்.

டிடி ஃப்ரீ டிஷ் மட்டும் போதும் என்பவருக்கு 2 அடி டிஷ் தாராளம். 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கும் ஜிசாட் 15 சாட்டிலைட் கேயு பேண்டில் (சிறிய டிஷ்ஷே போதும் உயர் அலைவரிசை) பலமாகவே அனுப்புகிறது; அதில் தேடுவதற்கு எதுவும் இல்லை. தேடல்தான் நோக்கம் என்றால் பெரிய டிஷ் கேட்கும் குறைந்த அலைவரிசையான சி பேண்டுக்கு வாருங்கள். 6 அடியில் தொடங்கலாம், 8 அடி கிடைத்தால் விடாதீர்கள். 6 அடியிலிருந்து 8 அடிக்குப் போனால் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, சிக்னலில் 2.5 டெசிபல் கூடுகிறது. ரிசீவரில் குவாலிட்டி பூஜ்யத்திலேயே நிற்கும் பல டிரான்ஸ்பாண்டர்கள் (சாட்டிலைட்டில் சேனல்களை அனுப்பும் பிரிவுகள்) அந்த வித்தியாசத்தில்தான் படமாக மாறும். பெரிய டிஷ்ஷின் பார்வை குறுகியது என்பதும் லாபமே. 66 டிகிரியில் இன்டெல்சாட் 17, 68.5 டிகிரியில் இன்டெல்சாட் 20 என நெருங்கி நிற்பவற்றை அது சுத்தமாகப் பிரித்துத் தரும்.

புதிது வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கேபிள் டிவிக்காரர்கள் கழற்றிப் போட்ட டிஷ்கள் காயலான் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. துருவைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். விளிம்பின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு நூலும், அதற்குக் குறுக்காக இன்னொரு நூலும் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் லேசாகத் தொட்டுக்கொண்டால் நல்ல டிஷ். இடைவெளி விட்டாலோ ஒன்றையொன்று அழுத்தினாலோ அது முறுக்கியிருக்கிறது. நடுவில் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் டிஷ்ஷின் நடுவிலிருந்து எல்என்பி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது வந்துவிடும். 180 செ.மீ. விட்டம், 28 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 72 செ.மீ. பழைய டிஷ்ஷுடன் வரும், எல்என்பியைத் தாங்கும் கம்பிகள் பல நேரம் வேறு டிஷ்ஷுடையவை. இந்தக் கணக்கைப் போடாமல் சிக்னல் வரவில்லை என்று புலம்புகிறவர்களே அதிகம்.

வலை டிஷ்ஷா, தகடா? நம் ஊருக்கு வலை. 83 டிகிரியில் இருக்கும் ஜிசாட் 30 தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, 75 டிகிரிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கிறது. அதை நோக்கிய தகட்டு டிஷ் ஐப்பசி மழையில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தகடுதான் கிடைத்தது என்றால் அடியில் சின்னதாக ஒரு துளை போடுங்கள்.

இனி எல்என்பி. அட்டைப் பெட்டியில் 17 கெல்வின், 15 கெல்வின் என்று போட்டிருக்கும் இரைச்சல் அளவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது கவனிக்க வேண்டியது 5ஜி. இந்தியாவில் 2022-இல் ஏலம் விட்ட 5ஜி அலைவரிசைகளில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் உண்டு. பழைய சி பேண்ட் எல்என்பிக்கள் 3400-லிருந்தே வாங்கிக்கொள்பவை. பக்கத்துத் தெரு டவரின் பலமான சிக்னல் உள்ளே புகுந்ததும், பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடும். ஸ்ட்ரெங்த் 90 காட்டும், குவாலிட்டி எழுந்திருக்காது. 3700 முதல் 4200 வரை மட்டும் வாங்கும், 5ஜி ஃபில்டர் உள்ள எல்என்பியே இன்று புத்திசாலித்தனம். 3700-க்குக் கீழே இருக்கும் சில சேனல்களை இழப்பீர்கள். டவர் அருகில் இல்லாதவர் பழையதையே வைத்துக்கொள்ளலாம்.

ரிசீவரில் பிளைண்ட் ஸ்கேன் (எந்த விவரமும் கொடுக்காமலே இருக்கும் சிக்னல்களையெல்லாம் தானே தேடும் வசதி) கட்டாயம். செய்தி வேன்களிலிருந்தும் விளையாட்டு மைதானங்களிலிருந்தும் டிவி நிலையத்துக்குப் போகும் நேரடிக் காட்சிகளான ஃபீட்கள் சில மணி நேரமே இருக்கும், எந்தப் பட்டியலிலும் வராது. டிவிபி எஸ்2 (சாட்டிலைட் ஒளிபரப்பு முறை), எச்.265 (காட்சியைச் சுருக்கும் முறை) இரண்டும் இருக்க வேண்டும், குறைந்த சிம்பல் ரேட்டையும் (தரவு வரும் வேகம்) பிடிக்க வேண்டும். 4கே தேவையில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு: பல ஃபீட்கள் 4:2:2 என்ற நிறமுறையில் வருகின்றன. சாதாரண ரிசீவரில் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். கணினியில் செருகும் டிவிபி எஸ்2 டியூனர் இருந்தால் விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் அதைத் திறந்துவிடும். எனக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டியூனரைத்தான் வாங்குவேன். பூட்டிய சேனல்களைத் திறக்கும் வித்தையை என்னிடம் கேட்காதீர்கள், அது திருட்டு.

டிஷ்ஷைத் திருப்ப மோட்டார் இப்போதைக்கு வேண்டாம், கையால் திருப்பிப் பழகுங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும்போது சிக்னல் சில நிமிடம் அடிபடும். அப்போது மாடிக்குப் போய்ப் பாருங்கள். எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்தால் குறி சரி.

டிவி சேனல்கள் அலுத்துவிட்டால் 25.9 டிகிரி கிழக்கில் எஸ்ஹெய்ல் 2 என்ற சாட்டிலைட் இருக்கிறது. 2018-இல் ஏவப்பட்ட அதில் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் உண்டு, பெயர் கியூஓ 100. வீட்டில் சும்மா கிடக்கும் டிடிஎச் டிஷ்ஷும், அலைவரிசை அதிகம் நகராத பிஎல்எல் வகைக் கேயு பேண்ட் எல்என்பியும், கணினியை ரேடியோவாக்கும் ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிளும் போதும். 10489.75 மெகாஹெர்ட்ஸில் பீக்கன் என்ற அடையாள சிக்னல் ஒலிக்கும். எல்என்பி 9750-ஐக் கழித்துவிடுவதால் டாங்கிளில் அது 739.75-இல் வரும். எல்என்பிக்கு 13 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும், டாங்கிள் தரும் 4.5 வோல்ட் பற்றாது. சென்னையிலிருந்து மேற்கே சுமார் 27 டிகிரி உயரம்தான் என்பதால், வாங்குவதற்கு முன் அந்தத் திசையில் பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.